தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில்

பெங்களூர் ஜோகுபாளையத்தின் குறுக்குத் தெருக்களில் மாலை ஐந்து மணிக்கு எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்கள், புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள், தள்ளுவண்டியில் கீரைக்கட்டு விற்கிறவர். ஒரு வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. மூன்றும் தெருக்குழாயடியில் கலக்கின்றன. இத்தனைக்கும் மேலே, ஒரு மாடி ஜன்னலிலிருந்து பெண்குரல் ஒன்று மெல்ல ஏறுகிறது. சொல் எதுவும் இல்லை, ஒரே ஒரு ‘ஊ’. கீழிருந்து கிளம்பி, மேலே போய் வளைந்து, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

பாட்டு மிஸ்ஸின் வகுப்பு தொடங்கிவிட்டது.

அந்த மாடி அறையில் எனக்கு ஒரு மூலை உண்டு. கீழ்வீட்டில் குடியிருக்கும் உரிமையில் கேட்டபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார். பேசக்கூடாது, தலையாட்டவும் கூடாது. “நீங்க தலையாட்டினீங்கன்னா அவ உங்களுக்காகப் பாட ஆரம்பிச்சுடுவா சார். அவ அவளுக்காகக் கேட்கணும்.” அதனால் சுவரோரம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அறை சிறியது. சுவரை ஒட்டிய பழைய பியானோ, வெள்ளைக் கட்டைகள் மஞ்சளேறியவை. அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு கண்ணாடித் தம்ளர், கட்டாக ஸ்ட்ராக்கள். எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மூலை அலமாரியில் லண்டன் டிரினிட்டி தேர்வுக்கான பாட்டுப் புத்தகங்கள், முதல் கிரேடிலிருந்து எட்டாவது வரை, ஓரம் கிழிந்து, டேப் ஒட்டி. மிஸ்ஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தேவாலயக் கொயரில் பாடி வளர்ந்தவர். மேடையில் சொப்ரானோவாக, அதாவது மேலையிசையில் பெண்குரலின் மிக உயர்ந்த வகையில், பாடிய காலத்தைப் பற்றி அவராக எதுவும் சொல்வதில்லை. பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கால்களில் எப்போதும் சாக்ஸ். பியானோ பெடலை வெறுங்காலால் மிதிக்க அவருக்குப் பிடிக்காது.

கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. ஹலசூரில் ஒரு அம்மாவிடம் சில வருடங்கள் கர்நாடக சங்கீதம் படித்தவள். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், நான்கைந்து வர்ணம் வரை வந்திருக்கிறாள். பள்ளிக் கொயரில் சேர்ந்த பிறகு மேலைநாட்டுப் பாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. மிஸ் அவளிடம் பழைய பாடம் எதையும் மறக்கச் சொல்லவில்லை. “அந்த டீச்சர் உனக்குக் காது குடுத்திருக்காங்க. அத வெச்சுத்தான் நான் வேலை பாக்கறேன்” என்றார் ஒரு நாள்.

முதலில் உதடு. இரண்டு உதடுகளையும் தளர விட்டுக் காற்றை ஊதினால், குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது எழுப்புகிற ‘ப்ர்ர்ர்’ வரும். அதையே சுருதியோடு, ஏற்றி இறக்கிச் செய்ய வேண்டும். அடுத்து ஸ்ட்ரா. தம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை அதில் முக்கி, வாயில் வைத்துக்கொண்டு ‘ஊ’ என்று பாடுகிறாள். தண்ணீர் கொப்பளிக்கிறது. முனையில் இருக்கும் அந்தச் சிறு தடை உள்ளே கொஞ்சம் அழுத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாமல் இலேசாகச் சேர்ந்து அதிர அது உதவுகிறது. கொப்பளிப்பு ஒரே சீராக இருந்தால் மூச்சும் சீராக இருக்கிறது என்று பொருள். மிஸ்ஸின் பார்வை பெண்ணின் முகத்தில் இல்லை, தம்ளரில் இருக்கிறது.

வயலின் கற்றுத்தருகிறவர் மாணவனின் விரலைப் பார்க்கலாம், தவறினால் பிடித்து வைக்கலாம். வாய்ப்பாட்டு ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. வாத்தியம் கழுத்துக்குள் இருக்கிறது. வளர்ந்த பெண்ணின் குரல் நாண் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். அதை மிஸ்ஸால் பார்க்க முடியாது, தொட முடியாது. மாணவிக்கும் அது எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரியாது. தாடை இறுகுகிறதா, தோள் ஏறுகிறதா, நெற்றி சுருங்குகிறதா, பாதம் தரையில் படிந்திருக்கிறதா என்று வெளியில் தெரிகிற அடையாளங்களைக் கொண்டு உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். மிஸ் பியானோவை விட்டு எழுந்து வந்து பெண்ணின் விலா எலும்பின் இருபுறமும் கை வைக்கிறார். “இங்க விரியணும். நெஞ்சு மேல போகக் கூடாது. பாடும்போதும் விரிஞ்சே இருக்கணும், அவசரமா மூடிடாதே.” பெண் மூச்சிழுக்கிறாள். கை விலகுகிறது. மிஸ் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்காருகிறார்.

இனி ஏறுகிற பாடம்.

இதைக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு நம் கணக்கிலேயே சொல்லலாம். பெண்கள் ஐந்து கட்டையில் பாடினால் தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொடுவது பெரிய காரியம். பாடகி அங்கே நின்றுவிட்டால் சபை கைதட்டும். சொப்ரானோவுக்கு அந்தப் பஞ்சமம் அன்றாடம் நடமாடுகிற இடம். அவளுடைய மேல் எல்லை, அதற்கடுத்த சட்ஜத்தையும் கடந்து, அதற்கும் மேலே சுத்த மத்யமத்தில் இருக்கிறது. அந்த சுரத்தில் குரல் நாண் விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடும். நெஞ்சுக் குரலை இழுத்துக்கொண்டு அந்த உயரத்துக்குப் போக முடியாது. போக முயன்றால் குரல் கத்தலாகும், தொடர்ந்து கத்தினால் புண்ணாகும். வழியில் ஓரிடத்தில் குரல் தன் நடையை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சொப்ரானோக்களுக்கு அந்த இடம், இதே ஐந்து கட்டைக் கணக்கில், தார ஸ்தாயி தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் வருகிறது.

பெண் அங்கே வந்ததும் குரல் உடைகிறது. ஒரு சின்ன விரிசல், நடுவில் காற்று. அவள் சிரித்துவிட்டுத் தொண்டையைக் கனைக்கிறாள்.

“கனைக்காதே. தண்ணி குடி.”

குடிக்கிறாள். மறுபடி. மறுபடி உடைகிறது. மிஸ் அரை சுரம் இறக்கி வாசிக்கிறார். அங்கே உடையவில்லை. மறுபடி அரை சுரம் ஏற்றுகிறார். “ஈ வேணாம். ஊ-ல போ. தாடைய விடு. மேல போறோம்னு நெனைக்காதே, கீழ உட்கார்ற மாதிரி பாடு.” பெண் முழங்காலை இலேசாக மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகிறவள் பாவனையில் பாடுகிறாள். இந்த முறை விரிசல் இல்லை. குரல் சன்னமாகி, கண்ணுக்குப் பின்னால் எங்கோ போய், மறுபக்கத்தில் வேறு நிறத்தோடு வெளிவருகிறது. பெண் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறாள். மிஸ் பாராட்டவில்லை. அதே சுரத்தை இன்னொரு தடவை வாசிக்கிறார்.

எனக்கு நம் நாடக மேடைதான் நினைவுக்கு வருகிறது. மைக் வராத நாளில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி எட்டுக்கட்டையில் எடுத்தார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மைக் இல்லாமல் ஒரு கூட்டத்தை நிறைக்கிற குரலுக்கு நாம் புதியவர்கள் இல்லை. மைக் வந்த பிறகு அந்த வித்தையைக் கைவிட்டோம். ஓபரா மேடை கைவிடவில்லை. எண்பது நூறு பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே ஒரு பெண் வெறுங்குரலில் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறாள். சுரம் மிக உயரும்போது அவள் தாடையை நன்றாகத் திறந்து, வாய்க்கும் தொண்டைக்கும் உள்ளே இருக்கும் வெளியை அந்தச் சுரத்துக்கே பொருத்தமாக மாற்றிக்கொள்கிறாள். பலம் கூட்டாமலே ஒலி பெருகுகிறது. அதற்கு அவள் கொடுக்கும் விலை, உச்சியில் ‘இ’யும் ‘எ’யும் ‘அ’வும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவது. ஓபராவில் சொல் புரியவில்லை என்று குறைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் அந்தக் குரலை வேறு மாதிரி கேட்பார்கள்.

பியானோவுக்கு மேலே, சுவரில், ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சட்டமிட்ட படம் இருக்கிறது. பட்ரீசியா ரொசாரியோ. அவர் பெங்களூரில் நடத்திய பயிற்சி வகுப்பொன்றில் தானும் பாடியதாக மிஸ் சொன்னார். தலை நரைத்த பிறகு மாணவியாக நின்றதில் அவருக்கு மகிழ்ச்சி. ஒரு சொப்ரானோவின் தொழில்வாழ்க்கை எப்படிப் போகும் என்பதற்கு, நம் நாட்டில் பிறந்தவர்களில் ரொசாரியோவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1960-ல் பம்பாயில் கோவா வழிக் குடும்பத்தில் பிறந்தவர். குரல் இங்கே பிறந்தது, அதை மேலே கொண்டுபோகும் படிப்பு இங்கே இல்லை. லண்டனுக்குப் போய் கில்ட்ஹால் இசை நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தங்கப் பதக்கம், பிறகு மேகி டெய்ட் பரிசு. ஜார்ஜ் ஷோல்ட்டி, ஜான் எலியட் கார்டினர், விளாதிமிர் அஷ்கெனாசி என்று பெரிய நடத்துநர்களோடு கச்சேரிகள், ஐரோப்பிய ஓபரா மேடைகள். இவற்றோடு நின்றிருந்தாலும் அது நிறைவான வாழ்க்கைதான். ஆனால் ஜான் டவனர் அவர் குரலைக் கேட்டார்.

டவனர் ஆங்கிலேய இசையமைப்பாளர், கிழக்கத்திய வைதீகத் திருச்சபையைத் தழுவியவர். பைசாந்தியப் பாடல் மரபில் ஊறி எழுதியவர். அவருக்கு வேண்டியிருந்த குரலை ரொசாரியோவிடம் கண்டார். 1992-ல் ஆல்ட்பரோ விழாவில் மேடையேறிய அவருடைய ‘எகிப்தின் மரியா’ ஓபராவில் ரொசாரியோதான் மரியா. அதிலிருந்து டவனர் 2013 நவம்பரில் இறக்கும் வரை அவருக்கென்றே முப்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். 2003-ல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் இரவு முழுக்க, ஏறக்குறைய ஏழு மணி நேரம் நடந்த ‘ஆலயத்தின் திரை’யிலும் அவர் குரல் இருந்தது. அந்தப் படைப்பில் கிரேக்கம், சிலாவியம், அராமிக் ஆகியவற்றோடு சமஸ்கிருதமும் ஒலித்தது. விடியும் நேரத்தில் அது உபநிடதத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே பாடகியின் குரலை மனத்தில் வைத்து ஒரு இசையமைப்பாளர் இருபது வருடம் எழுதுவது, எந்த நாட்டு இசையிலும் அபூர்வம். டவனரின் அந்தச் சுரங்களில் பம்பாய்க் குரலின் அளவும் நிறமும் பதிந்திருக்கின்றன. இனி அவற்றைப் பாடுகிற யாரும் ரொசாரியோவின் தொண்டைக்கு அளவெடுத்த பாதையில்தான் நடக்க வேண்டும்.

2001-ல் ரொசாரியோவுக்குப் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருது கொடுத்தது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் குரலிசைப் பேராசிரியர் ஆனார். 2009-ல், ஏறக்குறைய ஐம்பது வயதில், அவர் எடுத்த முடிவுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. கணவரும் பியானோ கலைஞருமான மார்க் ட்ரூப்போடு சேர்ந்து ‘கிவிங் வாய்ஸ் டு இந்தியா’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். மும்பை, கோவா, டெல்லி, புனே, பெங்களூரு, சென்னை என்று வருடத்தில் பல தடவை வந்து, தான் இளம்பெண்ணாக இங்கே தேடிக் கிடைக்காத பாடத்தை இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2013-ல் இந்திய அரசு பிரவாசி பாரதிய சம்மான் அளித்தது. 1993-ல் மூடிய மும்பை ராயல் ஓபரா ஹவுஸ் 2016 அக்டோபரில் மறுபடி திறந்தபோது அந்த மேடையில் பாடியது அவர்தான்.

மிஸ் ரொசாரியோவைப் பற்றிப் பேசும்போது விருதுகளைச் சொல்லவில்லை. “அவங்க பக்கத்துல நின்னு ஒரு மூச்சு எடுத்துக் காமிச்சாங்க சார். முப்பது வருஷமா நான் சொல்லிக் குடுத்துட்டிருந்த மூச்சு. ஆனா அது இன்னும் கீழேர்ந்து வந்துச்சு. மறுநாள்லேர்ந்து நான் சொல்ற விதத்த மாத்திட்டேன்.” இதைச் சொல்லும்போது அவர் கை தன் விலாவுக்குப் போனது.

சொப்ரானோ குரலுக்கும் இந்த மண்ணுக்கும் இன்னொரு பழைய உறவு இருக்கிறது. அதைப் பெங்களூர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கிருதிகள் செய்தவர். அதே கை பியானோவும் வாசித்தது. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கௌரவ ஃபெல்லோவாகவும் இருந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளை ஒலிப்பதிவு செய்ய அவர்தான் பணம் கொடுத்தார். 1948-ல் லண்டன் ஃபில்ஹார்மோனியா கான்சர்ட் சொசைட்டியின் முதல் தலைவரும் ஆனார்.

அந்த வருடம் ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தன் 84-வது வயதில் ஒரு சொப்ரானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக நான்கு பாட்டுகள் எழுதினார். அவர் மனைவி பவுலினும் சொப்ரானோ. வாழ்நாள் முழுக்க அந்தக் குரலுக்காக எழுதிவந்தவர், கடைசியிலும் அதற்கே எழுதினார். இந்தப் பாட்டுகளை முதலில் நார்வேயின் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட்தான் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஸ்ட்ராஸ் 1949 செப்டம்பரில் இறந்துபோனார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஃபூர்ட்வெங்லர் நடத்த, ஃபில்ஹார்மோனியா வாசிக்க, ஃப்ளாக்ஸ்டாட் பாடினார். பவுலின் அதற்கு ஒன்பது நாள் முன்னால் காலமாகியிருந்தார். அந்தக் கச்சேரி நடக்க 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் முப்பது வயது மைசூர் மகாராஜா. அவரால் போக முடியவில்லை. அதனால் ஒலிப்பதிவு செய்து மைசூருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடானது. அவரிடம் ஏற்கெனவே இருபதாயிரம் இசைத்தட்டுகள் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

‘கடைசி நான்கு பாட்டுகள்’ என்று இன்று உலகம் அழைக்கும் அந்தப் படைப்பைப் பெரிய சொப்ரானோக்கள் பலர் பாடியிருக்கிறார்கள். பலருக்கும் அது ஒரு நாள் கடக்க வேண்டிய வாசல். அந்த வாசலைத் திறந்த பணம் காவிரிக்கரை சமஸ்தானத்தினுடையது. இங்கிருந்து பணமும் ரசனையும் போயிருக்கின்றன. ரொசாரியோவின் வழியாகக் குரலும் போயிருக்கிறது. போகாமல் இங்கேயே தங்கிப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியர்கள்தான் எப்போதும் குறைவு.

முழுக்க இல்லாமல் இல்லை. பெங்களூரில் 1809-ல் கண்டோன்மென்ட் வந்த பிறகு சிப்பாய்களோடும் கட்டடத் தொழிலாளிகளோடும் வணிகர்களோடும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் குடியேறின. தேவாலயங்கள் எழுந்தன, கொயர்கள் வந்தன. நாலு குரலில் பாமாலை பாடுவது பல தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பரம்பரைப் பழக்கம். சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து பாடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் அருணா சுந்தர்லால் 1987-ல் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் ஒரு தலைமுறையையே மேலையிசைக்குள் அழைத்து வந்தது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் கே.எம். இசைக்கல்லூரியை நிறுவினார். ஆனாலும் ஒரு நகரத்தின் குரல்கள் நிறுவனத்தில் மட்டும் வளர்வதில்லை. இந்த மாதிரி மாடி அறைகளில், வாரம் ஒரு மணி நேரக் கட்டணத்துக்கு, அதிகம் அறியப்படாத பெண்களின் கையில் வளர்கின்றன.

அறையில் இப்போது பாட்டு. பெரும்பாலான மாணவர்களுக்கு முதலில் கொடுக்கிற பழைய இத்தாலியப் பாட்டுகளில் ஒன்று, ‘காரோ மியோ பென்’. பெண் ஒரு வரியில் ‘த’ வரும் இடத்தில் ஆங்கிலத்துக்காகப் பழகிய ‘ட’வைச் சொல்கிறாள். மிஸ் நிறுத்துகிறார்.

“நம்ம த சொல்லும்மா. ‘தம்பி’ல வர்ற த. இத்தாலிக்காரங்களும் நாக்கப் பல்லுலதான் வைப்பாங்க.”

பெண்ணுக்கு ஆச்சரியம். சொல்லிப் பார்க்கிறாள். உயிரெழுத்துகளும் அப்படியே. அ, எ, இ, ஒ, உ என்று கலப்பில்லாமல் நிற்பதில் இவள் நாக்குக்கு லண்டன் பிள்ளையைவிடப் பாதித் தூரம் குறைவு. அந்த வரி நேராகிவிட்டதும் மிஸ் முகத்தில் முதல் தடவையாக ஒரு நிறைவு தெரிகிறது. அவர் அதை உடனே மறைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்.

இடையில் ஒரு இடத்தில் அவர் தானே பாடிக் காட்டினார். நான்கே நான்கு சுரம். வயது அந்தக் குரலின் ஓரங்களைத் தேய்த்திருக்கிறது, உச்சியில் பழைய பளபளப்பு இல்லை. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போன விதத்தில் எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கீரைக்காரர் கூவுவதை நிறுத்தியிருந்தார், தற்செயலாகத்தான் இருக்கும். பெண் அசையாமல் நின்றாள். மிஸ் பாடி முடித்ததும், “இப்ப நீ” என்றார்.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். டிஃபன் கேரியர் பையோடு, வேலையிலிருந்து நேராக. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கதவோரம் நின்றே பேசினாள்.

“மிஸ், ஒண்ணு கேக்கணும். ஜூன்ல இவ பத்தாவது போறா. எஸ்.எஸ்.எல்.சி.ங்க. டியூஷன் வேற சேத்திருக்கோம். அதான், ஒரு வருஷம் பாட்ட நிறுத்திட்டு…”

மிஸ் உடனே பதில் சொல்லவில்லை.

“குரலும் முன்ன மாதிரி இல்ல மிஸ். சின்னதுல கணீர்னு இருக்கும். இப்ப காத்து காத்தா வருது. அதான் கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுத்தா…”

பெண் பாட்டுப் புத்தகத்தைப் பையில் வைப்பதா, கையிலேயே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

“அது வயசும்மா,” என்றார் மிஸ். “எல்லாப் பொண்ணுக்கும் வர்றது. போயிடும். அப்பாகிட்டயும் கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை வாங்க, பேசுவோம்.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். மிஸ் தம்ளர் தண்ணீரை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினார். ஸ்ட்ராவைக் கழுவிக் கவிழ்த்தார். அலமாரியில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கும்போது, ஐந்தாவது கிரேடு வரைக்கும் பல பிரதிகள் இருப்பதையும், அதற்கு மேல் ஒவ்வொன்றாகக் குறைந்துபோவதையும் பார்த்தேன். எட்டாவது கிரேடுக்கு ஒரே ஒரு புத்தகம். அது அவருடையது.

அங்கே நான் பேசவில்லை, நிபந்தனை அப்படி. இங்கே சொல்லிவிடுகிறேன். ஜோகுபாளையத்து அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் சேர்த்து.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பெண்பிள்ளையின் குரலும் மாறுகிறது. பையன்களுக்கு உடைகிற அளவுக்கு வெளியில் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை. குரல்வளை வளரும்போது நாண்களின் பின்பக்கத்தில் ஒரு சிறு இடைவெளி விழுகிறது, அதன் வழியே காற்று கசிகிறது. அவ்வளவுதான். அது குரல் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, வளர்கிறது என்பதற்கு அடையாளம். அந்த வருடங்களில் அவளுக்கு வேண்டியது கவனமான ஆசிரியரின் கையில் மெல்லப் பாடிக்கொண்டே இருப்பது. அப்போது நிறுத்துகிற பெண்களில் பலர் திரும்பி வருவதில்லை. கல்லூரி, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொன்றும் அடுத்த காரணமாகிவிடும்.

இந்தக் குரல் முழுதாகப் பழுப்பதற்கு இருபதுகளின் கடைசி ஆகும், பலருக்கு முப்பதுகள். ஃப்ளாக்ஸ்டாட் 1913-லேயே மேடையேறியவர். ஏறக்குறைய இருபது வருடம் ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மேடையில் அவர் முதலில் பாடியது 1935-ல், 39 வயதில். ஸ்ட்ராஸின் பாட்டுகளைப் பாடும்போது அவருக்கு 54. ரொசாரியோ எகிப்தின் மரியாவாக நின்றபோது 32. பதினைந்து வயதில் இவர்கள் யாருடைய எதிர்காலத்தையும் யாராலும் சொல்லியிருக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெண்ணுடையதையும் இப்போது சொல்ல முடியாது.

பரீட்சை முக்கியம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. டியூஷன் போகட்டும், மார்க் வாங்கட்டும். பாட்டுக்குக் கேட்பது வாரத்தில் ஒரு மணி நேரம், வீட்டில் தினமும் கால் மணி. அந்த நேரத்தை மட்டும் அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.